இருபத்துமூன்றாவது புள்ளி

கோயில் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலின் முதல் வரியில் வேறு யாரோ இருந்தார்கள்.

ஈஸ்வரமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். இரண்டாவது வரியில் இல்லை. பத்தாவது வரியிலும் இல்லை. கண் கீழே இறங்க இறங்க முதுகு விறைத்துக்கொண்டே போனது. கடைசிக்கு முந்தின வரியில், காகிதம் மடங்கிய இடத்தில் இருந்தது: 'ஈஸ்வரமூர்த்தி – கோகிலவாணி: 0.04.'

பின்னால் நின்ற ஒருவன் தொண்டையைச் செருமினான். "என்னுங்க பெரியவரே, முதல் பந்தியில இருந்து எச்செல போடற பக்கம் வந்துட்டீங்களாட்ட இருக்குது?"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நொய்யல் புதுநகரில் அவர் திரும்பிப் பார்த்துப் பதில் சொல்லும் அளவுக்கு உயர்ந்த ஆட்கள் மிகச் சிலர். செருப்பை மாட்டிக்கொண்டு, பத்து மணி வெயில் ஏறுவதற்குள் நிழல் பந்தல் போட்ட பாதையில் வீட்டுக்கு நடந்தார்.

அந்த எண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஊரில் எல்லோர் மணிக்கட்டிலும் நாடிப்பட்டை இருந்தது. முதலில் அது வெயில் தாக்கி விழுகிறவர்களைக் காப்பாற்ற வந்தது. இரண்டு பேர் பத்தடிக்குள் இருக்கும் நேரங்களில் இருவர் நாடியும் எவ்வளவு தூரம் சேர்ந்து ஏறுகின்றன, சேர்ந்து இறங்குகின்றன என்று கணக்குப் போடலாம் என்பதைப் பிற்பாடு யாரோ கண்டுபிடித்தார்கள். அதுதான் ஒட்டுறவு எண். ஒன்றை நெருங்கினால் இரண்டு நாடியும் ஒரே ஏற்றத்தில் ஓடுகின்றன என்று பொருள். சுழியை நெருங்கினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று பொருள். கல்யாணப் பத்திரிகையில் நட்சத்திரம் அச்சடித்த இடத்தில் இந்த எண் வந்தது. குலதெய்வக் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்று அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்டு கிடந்த காலம் போய், எண் அதிகமுள்ள தம்பதிக்கே பரிவட்டம் என்று கூட்டத்துப் பெரியவர்கள் தீர்த்துவிட்டார்கள். எண்ணுக்குப் பட்சபாதம் கிடையாது அல்லவா?

பதினோரு ஆண்டுகள் அந்தப் பரிவட்டம் ஈஸ்வரமூர்த்தியின் தலையில்தான் ஏறியது. 0.86, 0.88, 0.87. அவர் தகப்பனார் காலத்தில்கூட வாய்க்காத பெருமை. சென்ற ஆடியில் நூற்பாலைச் சோதனைக்கூடத்தின் தலைமைப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபோது, 'இனி முழு நேரமும் வீட்டில்தானே, எண் தொண்ணூறைத் தாண்டும்' என்று மாலை போட்டவர்கள் சொன்னார்கள்.

0.04.

ஐந்தாவது மாடியில் வீடு பூட்டிக் கிடந்தது. மொட்டை மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒன்று கோகிலவாணியின் சிரிப்பு. நாற்பத்தொரு வருடம் கூட வாழ்ந்தவருக்கு அது தெரியாதா? ஆனால் இப்படித் தொண்டை திறந்து வருகிற சிரிப்பை அவர் எப்போது கேட்டார் என்றுதான் நினைவுக்கு வரவில்லை.

படியேறிப் போனார். நிழல்வலைக்கு அடியில் தொட்டி தொட்டியாகக் கீரை. நடுவில் மூன்றாம் மாடித் தனபால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு தண்டுக்கீரையை மைக் மாதிரி பிடித்து யாரையோ போல் பேசிக் காட்டிக்கொண்டிருந்தார். பம்பு மெக்கானிக்காக இருந்தவர். மனைவி இறந்து ஆறு வருடம். கோகிலவாணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஈஸ்வரமூர்த்தியின் தலை தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

"வாங்கோ, வாங்கோ!" என்றார் தனபால். "சங்கத் தலைவரு தண்ணி வரலைன்னு பேசினாருங்களே, அதத்தான் காட்டிட்டிருந்தேன். உக்காருங்கோ."

"வேலை இருக்குது," என்றார் ஈஸ்வரமூர்த்தி. மனைவியைப் பார்த்து, "ஊடு பூட்டிக் கெடக்குது" என்றார்.

அவள் கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

பொறாமை என்பது நெல்லுக்குள் புகுந்த அந்துப்பூச்சி மாதிரி. வெளியே மணி முழுசாக இருக்கும். உள்ளே மாவு போயிருக்கும். அன்று மத்தியானம் கீரைக் கடையலைப் பிசைந்தபோது அவருக்கு உப்பு, காரம் எதுவும் தெரியவில்லை. இது அவன் கொடுத்த கீரை என்பது மட்டும்தான் தெரிந்தது. அவள் தாளிப்பில் இரண்டு பல் பூண்டு கூடப் போட்டிருந்தாள். யாருக்காக? பழைய சேலையை விட்டு இளநீலச் சேலை கட்டியிருந்தாள். எதற்காக? என்னோடு 0.04 என்றால் மிச்சம் எங்கே போயிற்று? மனுஷி நாடி சும்மா கிடக்குமா, எங்கேயாவது ஒட்டிக்கொண்டுதானே இருக்கும்?

மறுநாள் காலை ஒட்டுறவு நிலையத்தில் முதல் ஆளாக நின்றார்.

மேசையில் இருந்தவள் பானுரேகா. இருபத்தாறு வருடத்துக்கு முன் நூற்பாலையில் அவரிடம் வேலை கற்றவள். அவரைக் கண்டதும் இன்றைக்கும் எழுந்து நின்றாள். குடும்பத் தலைவர் கேட்டால், வீட்டு ஆளின் நாடி வேறு யாரோடு அதிகம் ஒட்டுகிறது என்று தேடிக் கொடுப்பது நிலையத்தின் வழக்கம். அதற்குத்தான் விண்ணப்பம்.

பெயரைப் படித்ததும் பானுரேகாவின் முகம் மாறியது. "அம்மா பேரிலயா சார்?"

"எழுதினது வாசிக்கத் தெரியலியா?"

அவள் பொத்தானைத் தட்டினாள். "ஒரு பேரு வருதுங்க சார். மூணாவது மாடி, தனபால். எண்ணு போடறதுக்கு முந்தி புள்ளிப்படம் போட்டுப் பாத்துரலாமுங்களா? அவிய நாடி ஒரு பக்கம், அம்மா நாடி ஒரு பக்கம் வெச்சு ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு புள்ளி. ஒரே நிமிசமுங்க."

"வேண்டாம்."

"சார்?" பானுரேகா நம்பமுடியாமல் பார்த்தாள். "புள்ளி வெக்காம எண்ணு போட்டேன்னு ஒரு வாரத்து வேலைய என் கண்ணு முன்னாலயே கிழிச்சுப் போட்டீங்க நீங்க. அளந்ததுதானா, சோடி சரியா, கோடு நேரா போகுதா, தனியா ஒரு புள்ளி விலகி நிக்குதா, பரவல் ஒழுங்கா இருக்குதா, இத்தனையும் பாக்காம எண்ணு போடறவன் கண்ணக் கட்டிட்டு வண்டி ஓட்றவன்னு சொன்னீங்க."

"அது நூலு. இது என்ற ஊட்டுப் பொம்பளை. அவ நாடி எந்நேரம் ஏறுச்சு, எந்நேரம் இறங்குச்சுன்னு தேதி போட்டுத் திரையில விரிச்சு வெச்சு, நீயும் பக்கத்து மேசைக்காரனும் பாக்கோணுமா? எங்க குடும்பத்துல அப்படி ஒரு பழக்கம் இல்ல. எண்ணு மட்டும் குடு."

"நிபந்தனை பாத்தாச்சுன்னு ஒப்புதல் கேக்குமுங்களே..."

"திருப்பு இப்படி."

அவள் திரையைத் திருப்பினாள். ஐந்து கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஆம்', 'இல்லை'. இந்த ஊரில் எல்லோரும் கேள்வியை வாசிக்காமலே 'ஆம்' தட்டுகிறார்கள் என்று அவரே பலமுறை ஏளனம் செய்திருக்கிறார். இன்று வாசித்தார். ஒவ்வொன்றையும் வாசித்து, புரிந்து, ஐந்து முறை 'ஆம்' தட்டினார். வாழ்க்கையில் அவர் எழுதிக் கொடுத்த முதல் பொய் அதுதான். அதையும் குடும்ப மானத்துக்காகவே எழுதியதாக நினைத்தார்.

எண் வந்தது. 0.91.

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். வெளியே வந்தபோது வெயில் முகத்தில் அடித்தது. ஆனால் அவருக்குக் குளிர்ந்தது.

0.9-ஐத் தாண்டிய வேற்று எண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்பது அவருக்குத் தெரியும். கிழக்கு வீதியில் ஒருத்தியை 0.84-க்கே பிறந்த வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் அழுதாள், சத்தியம் செய்தாள். எண் பேசிய பிறகு யாரும் அவள் வாயைக் கேட்கவில்லை. அன்று அந்தப் பேச்சில் நடுவில் உட்கார்ந்து, 'கூட்டிட்டுப் போங்க' என்று சொன்னவர் ஈஸ்வரமூர்த்திதான். ஊரான் வீட்டுக்கு ஒரு நியாயம், தன் வீட்டுக்கு ஒரு நியாயம் என்று நாக்கைப் புரட்ட அவரால் முடியாது. அப்படி ஒரு நேர்மை அவரிடம் இருந்தது. அதுவும் சேர்ந்துதான் அவரைப் பிடித்துத் தள்ளியது.

மைத்துனன் சம்பத்தைப் போனில் கூப்பிட்டார். "வெள்ளிக்கெழமை காலைல வண்டியோட வா. உன்ற அக்காளக் கூட்டிட்டுப் போற மாதிரி வா." காரணம் சொல்லாமல் போனை வைத்தார்.

நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாளும் அவர் அவளை வேவு பார்த்தார். கீழே லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டால் அவள் முகம் மாறுகிறதா? தனபால் இருமினால் தலை நிமிர்கிறதா? அவளுக்கு ஒன்றும் மாறவில்லை. அது அவருக்கு இன்னும் பெரிய ருசுவாகத் தோன்றியது. எவ்வளவு பழகினால் இவ்வளவு சாதாரணமாக இருக்க முடியும்! புதன்கிழமை சட்டைப் பொத்தான் அறுந்திருந்ததற்குக் கத்தினார். வியாழக்கிழமை கதவு ஓசைப்படச் சாத்தியதற்குக் கத்தினார். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரோரம் நின்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை சம்பத் வந்தான். ஐம்பத்தைந்து வயதிலும் அக்கா வீட்டுக்குள் நுழைந்ததும் முறுக்குச் சம்படத்தைத் தேடுகிற ஆள். அன்று தேடவில்லை. ஈஸ்வரமூர்த்தி தாளை மேசைமேல் விரித்தார்.

சம்பத் வாசித்தான். காது சிவந்தது. "என்னுங்க மாமா இது?"

"எண்ணு. உன்ற அக்காளுக்கும் மூணாவது மாடிக்காரனுக்கும்."

"மாமா, எங்கக்காளத் தெரியாதுங்களா உங்களுக்கு? நாப்பத்தோரு வருசம்..."

"எனக்குத் தெரியறது முக்கியமில்ல. எண்ணு சொல்றதுதான் பேச்சு. கெழக்கு வீதிக்கு என்ன சொன்னனோ அதத்தான் எனக்கும் சொல்றேன். கூட்டிட்டுப் போ."

கோகிலவாணி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். கை ஈரத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து, தாளை எடுத்துப் பார்த்தாள். அழவில்லை. சத்தியம் செய்யவில்லை. அவரைப் பார்த்து ஒரே கேள்வி கேட்டாள்.

"ஏனுங்க, புள்ளி வெச்சுப் பாத்தீங்களா?"

அவர் தாளுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"நம்ம கல்யாணமாகி மூணாம் நாளு, பலகாரத்தட்ட முன்னால வெச்சுட்டு எனக்குச் சொன்ன மொதப் பேச்சு அதுதானுங்க. எண்ணு பொய் சொல்லும், புள்ளி சொல்லாதுன்னீங்க. விருந்துக்கு வந்தவிங்களுக்கெல்லாம் சொன்னீங்க. ஆலையில ஒரு புள்ளைய அழ வெச்சுட்டு வந்து அதையும் பெருமையாச் சொன்னீங்க. நூலுக்குப் பாத்த நாயம் எனக்கில்லீங்களா?"

சம்பத் எழுந்தான். "நடங்க மாமா. போயி வெச்சே பாத்துருவோம். புள்ளி சொல்லுச்சுன்னா நானே இவளக் கூட்டிட்டுப் போறேன்."

நிலையத்தில் பானுரேகா உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு, மூவருக்கும் நாற்காலி போட்டாள். ஈஸ்வரமூர்த்தி உட்காரவில்லை. முதுகை நிமிர்த்தி நின்றார். நூற்பாலையில் வாங்கிய பழக்கம். முடிவு வரும்வரை உட்காரமாட்டார்.

"இந்த ஒரு வருசத்துல அம்மாவும் அவியளும் பத்தடிக்குள்ள இருந்தது மொத்தம் இருவத்துமூணு தடவைதானுங்க," என்றாள் பானுரேகா. "ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி."

இருபத்துமூன்று! அவர் மனதில் அது இருநூறாக இருந்தது.

திரையில் புள்ளிகள் விழுந்தன. இருபத்திரண்டும் கீழ் மூலையில், கைதவறிச் சிந்திய கடுகு மாதிரி, ஒழுங்கில்லாமல் ஒரே குவியலாகக் கிடந்தன. ஒரு புள்ளி மட்டும் தொலைவில், மேலே வலது உச்சியில், தன்னந்தனியாக நின்றது.

முதல் வருஷத்துப் பையனுக்குக் கூடத் தெரியும். ஒரு குவியலும் தூரத்தில் ஒரு புள்ளியும் இருந்தால், கணக்கு இரண்டையும் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடும். எண் தொண்ணூறில் போய் நிற்கும். அத்தனை எண்ணும் அந்த ஒரு புள்ளியின் எண்.

"அது எந்த நாளு?" என்றார்.

"தை பதினேழுங்க. பகல் பதினொண்ணே கால். அம்மாவுக்கு நாடி நூத்தி அம்பத்தெட்டு, அவியளுக்கு நூத்தி அறுவத்தொண்ணு. நாலு நிமிசம்." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சேர்த்தாள். "அந்த நேரம் பத்தடிக்குள்ள மூணாவதா ஒரு பட்டையும் இருந்துதுங்க சார். நாடி முப்பத்தொண்ணு. உங்களுது."

தை பதினேழு. குளியலறையில் அவர் விழுந்த நாள். கண் விழித்தது ஆஸ்பத்திரியில். ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கிப் போனதாகத்தான் அவளும் சொன்னாள், எல்லோரும் சொன்னார்கள்.

"கரண்டு இல்லீங்க அன்னிக்கு," என்றாள் கோகிலவாணி. "லிஃப்ட் ஓடல. ஆம்புலன்சு கீழ வந்து நின்னுதுங்க, மேல ஏறி வந்து தூக்க ஆளில்ல. நான் போட்ட சத்தத்துல அவரு ஓடி வந்தாரு. உங்களத் தோள்ள போட்டுட்டு அஞ்சு மாடி எறங்கினாரு. நான் செருப்புக்கூட இல்லாம பின்னால ஓடுனேன்."

"ஏன் சொல்லல?"

"உங்க இடுப்புல ஈர வேட்டி மட்டுந்தானுங்க. ஒருத்தன் தோள்ள அப்படிப் போனேன்னு தெரிஞ்சா மானம் போச்சும்பீங்க. நாந்தான் சொல்லாதீங்கன்னு அவருகிட்டக் கேட்டுக்கிட்டேன். இது வரைக்கும் அவரு வாயத் தெறக்கல."

பானுரேகா அந்த ஒரு புள்ளியை ஒதுக்கிவிட்டுக் கணக்குப் போட்டாள். 0.06.

சம்பத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்துவிட்டான். "பாத்தீங்களா மாமா! உங்களத் தூக்குனதுக்கா எங்கக்காளத் துரத்தப் பாத்தீங்க! நல்லா இருக்குதுங்க உங்க நாயம்!"

ஈஸ்வரமூர்த்தியின் நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று உருண்டு போனது. வெட்கம் வந்திருக்க வேண்டும்; வந்தது, ஆனால் அதைவிடச் சந்தோஷம் முந்திக்கொண்டது. என் பெண்டாட்டி என் பெண்டாட்டிதான். குடும்பம் சுத்தம். பிறகு அவருக்கே உரிய பிடிவாதம் தலைதூக்கியது. இந்த எண் பொய் என்றால், அந்த 0.04-ம் பொய்யாகத்தானே இருக்கவேண்டும்?

"எங்க ரண்டு பேருதையும் வெச்சுக் காட்டு."

"வேண்டாமுங்க," என்றாள் கோகிலவாணி சட்டென்று. "போதுமுங்க. ஊட்டுக்குப் போலாம்."

"அட, இரு. வை பானு."

பானுரேகா கோகிலவாணியைப் பார்த்தாள். கோகிலவாணி தலையைக் குனிந்துகொண்டாள். புள்ளிகள் விழ ஆரம்பித்தன. இது இருபத்துமூன்று அல்ல, ஆயிரக்கணக்கு. திரை நிறைந்தது.

சிதறலே இல்லை. இடது ஓரத்திலிருந்து புள்ளிகள் அணிவகுத்து மேலே ஏறின. நடுவில் ஒரு உச்சியைத் தொட்டன. அங்கிருந்து அதே ஒழுங்கோடு வலப்பக்கம் கீழே இறங்கின. வரைந்து வைத்த ஒரு குன்று.

அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பஞ்சை முறுக்க முறுக்க நூலுக்குப் பலம் ஏறும். ஒரு அளவு தாண்டினால் அதே முறுக்கே நூலை உள்ளுக்குள் அறுக்கும், பலம் இறங்கும். அந்தப் படத்தை நாற்பது வருடம் சோதனைக்கூடச் சுவரில் மாட்டி வைத்திருந்தார். ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் அதற்கும் எண் சுழிக்குப் பக்கத்தில்தான் வரும். சம்பந்தம் இல்லாததால் அல்ல.

சம்பத்துக்குத்தான் புரியவில்லை. "இதென்னம்மா, மலையாட்ட இருக்குது?"

"கீழ இருக்கறது சாரோட நாடி. பக்கவாட்டுல அம்மாவோடது," என்றாள் பானுரேகா. "தொண்ணுத்தி நாலு வரைக்கும் சாருக்கு ஏற ஏற அம்மாவுக்கும் ஏறுது. சிரிச்சா சிரிக்கறாங்க, பதறினா பதறுறாங்க. போன வருசம் வரைக்கும் புள்ளியெல்லாம் இந்தப் பக்கந்தான். அதனாலதான் நல்ல எண்ணு வந்துட்டிருந்துது. இந்த எறக்கம் பூராவும் இந்த ஒரு வருசத்துதுங்க." நிறுத்தினாள்.

"அதுக்கு மேல?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. குரல் அவருடையது மாதிரி இல்லை.

"தொண்ணுத்தி நாலுக்கு மேல உங்களுக்கு ஏறுனா அம்மாவுக்கு இறங்குதுங்க சார். நீங்க எவ்வளவு ஏறுறீங்களோ அவ்வளவு இறங்குது."

"ஏன் இறங்குது?"

பானுரேகா விசைப்பலகையைத் துடைத்தாள். பிறகு, "பயந்து மூச்ச அடக்கி நின்னா நாடி இறங்குமுங்க சார்," என்றாள். "முயலு புதர்ல ஒடுங்குற மாதிரி."

நூற்பாலையில் முன்னூறு பேர்மேல் பங்கிட்டுக் கத்திய கத்தல் எல்லாம், ஓய்வு பெற்ற பிறகு ஒருத்தியின்மேல் இறங்கியிருந்தது. அவள் சுவரோரம் அசையாமல் நின்றதை அவர் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மரியாதை என்று நினைத்தார். நம் வீட்டுப் பெண் எதிர்த்துப் பேசமாட்டாள் என்று பெருமைகூடப் பட்டார்.

சம்பத் அக்காளையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தான். நிலைமையை லேசாக்க நினைத்து, வாய்க்கு வந்ததைக் கேட்டான். "ஏம்மா, இப்படி வளைஞ்சு போறதுக்குன்னு தனியா எண்ணு இல்லியா?"

"இருக்குதுங்க. நேர்கோட்ட விட்டுட்டு வளைவுல கணக்குப் போட்டா 0.95 வரும். மனுக் குடுத்தா கோயில்லயும் ஏத்துக்குவாங்க. ஊருலயே இதுதான் அதிகமா இருக்குமுங்க."

"அப்பறமென்னுங்க மாமா! பரிவட்டம் நம்முளுதுதான்!"

ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஈஸ்வரமூர்த்தியின் மனம் அந்தப் பட்டுத்துணியை நெற்றியில் உணர்ந்தது. பொய் சொல்வானேன்? உணர்ந்தது.

கோகிலவாணி அந்தக் கணத்தை அவர் முகத்தில் பார்த்துவிட்டாள். எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"சம்பத்து, வண்டிய எடு."

"ஊட்டுக்குத்தானேக்கா?"

"உன்ற ஊட்டுக்கு."

ஈஸ்வரமூர்த்தி திகைத்தார். "எதுக்கு? அதுதான் ஒண்ணுமில்லைன்னு ஆயிப்போச்சே!"

"ஆமாங்க," என்றாள். "தப்புப் பண்ணினவளாப் போகச் சொன்னீங்க. இப்ப ஒரு தப்பும் இல்லாதவளாப் போறேன். ஊரு கேட்டா தம்பி ஊட்டுக்கு விருந்தாடி போயிருக்காள்னு சொல்லுங்க. உங்க மானத்துக்கு ஒரு கொறையும் வராது."

அவருக்கு உள்ளேயிருந்து அது கிளம்பியது. காது மடல் சுட்டது. 'யாரைக் கேட்டுப் போறே?' என்ற வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அப்போது அவளைப் பார்த்தார். அவள் கண் சுவரில் ஒரு இடத்தில் குத்திட்டு நின்றது. தோள் அசையவில்லை. மூச்சு இல்லை. திரையில் அந்தக் குன்றின் வலப்பக்கச் சரிவில், அடியில், இப்போதுதான் ஒரு புதுப் புள்ளி விழுந்தது.

வார்த்தையை விழுங்கினார். அது சுலபமாக இறங்கவில்லை. அதற்குப் பிறகு, "எப்ப வருவே?" என்று கேட்டார்.

அவள் மூச்சை விட்டாள். "தெரியலீங்க," என்றாள். அதில் கோபம் இல்லை. அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வண்டி போன பிறகு அவர் தனியாக வீட்டுக்கு நடந்தார். ஐந்தாம் மாடியில் நிற்காமல் மேலே ஏறினார். நன்றி சொல்வது குடும்பத்துக்கு அழகு. அதைத் தள்ளிப்போடுவது அழகல்ல. தனபால் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னை நீங்கதான் தூக்கிட்டு எறங்குனீங்களாம்," என்றார் ஈஸ்வரமூர்த்தி, நின்றபடியே.

தனபால் வாளியைக் கீழே வைத்தார். "தெரிஞ்சு போச்சுங்களா? நல்ல கனமுங்க நீங்க. ரண்டு மாசம் எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு." சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். "ஊட்டுல அவியள எங்கீங்க காணம்?"

"தம்பி ஊட்டுக்கு."

"நல்லதுங்க. கொஞ்ச நாளு இருந்துட்டு வரட்டும்." அவ்வளவுதான். அவர் பாட்டுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

ஈஸ்வரமூர்த்தி அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உரத்த பேச்சு, மடித்துக் கட்டிய லுங்கி, எதிலும் பெரிய கவலையில்லாத முகம். இந்த மனிதன் சிரித்தாலும் சத்தம் போட்டாலும், இருபத்திரண்டு தடவையும் கோகிலவாணியின் நாடி அதற்காக ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. தன் பாட்டுக்கு, தனக்கு வேண்டிய மாதிரி அடித்திருக்கிறது. இந்த நிழல்வலைக்கு அடியில் அவள் யாருக்கும் ஈடுகொடுக்க வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் அந்தச் சிரிப்பு தொண்டை திறந்து வந்தது.

0.06. எதோடும் ஒட்டாத, ஒன்றுமில்லாத எண். அவருக்குள் அந்து மறுபடியும் அரிக்கத் தொடங்கியது. மூன்று நாளாக 0.91-ன் மேல் பட்ட பொறாமையெல்லாம் இந்தப் பொறாமையின் கால் தூசுக்குப் பெறாது என்று தோன்றியது.